சீலைக் கூரைக் காருக்கு ஒரு மாரி

பிற்பகல் நாலு மணி இருபது. முதலில் தெரிந்தது அண்ணாவின் தலை. வாய்க்கால் கட்டுக்கு மேலால் அது தனியே வந்துகொண்டிருந்தது. சைக்கிளில் வருகிற தலை ஏறி இறங்கும். உழவு மெசினில் வருகிற தலை குலுங்கும். இது இரண்டும் செய்யாமல், தட்டத்தில் வைத்துக் கொண்டுவருவதுபோல ஒரே மட்டத்தில் வந்தது. கட்டு முடிந்து பாதை திரும்பிய பிறகுதான் தலைக்குக் கீழே ஒரு கார் இருப்பதும், காருக்கு மேலே ஒன்றும் இல்லாததும் தெரிந்தன.

எழுபத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசிக் கடைசி. உருத்திரபுரத்தில் அன்று மழை பெய்யவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் அப்படிச் சொல்லக்கூடிய நாள்கள் அதிகம் வரவில்லை.

அம்மா முற்றத்துக்கு வந்து காரை ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"கூரை எங்கை தம்பி?"

"பின்னாலை மடிச்சுக் கிடக்கம்மா. தேவையெண்டால் இழுத்து மூடலாம்."

"என்னத்தாலை?"

"சீலை."

"சீலையோ? சீலையாலை கூரை போடுற ஆக்களட்டையே போய்க் கார் வாங்கினனீ?"

அண்ணா சீலையின் மடிப்பைத் தடவி நேராக்கினார். அவருக்கு அப்போது முப்பத்தாறு வயது. நீர்ப்பாசனக் கந்தோரில் வேலை. எந்த வாய்க்காலில் எத்தனை அங்குலம் தண்ணீர் ஓடுகிறது என்று கேட்டால் உடனே சொல்வார். மற்ற விடயங்களில் கருத்துச் சொல்வதில்லை. இரண்டு சம்பந்தங்கள் பேசிக் குழம்பியிருந்தன. முதலாவதில் செவ்வாய் குறுக்கே வந்தது. இரண்டாவதில், மாப்பிள்ளை சைக்கிளில் திரிகிறார் என்ற உண்மை குறுக்கே வந்தது. ஆகவே மூன்றாவதில் கலியாணத் தரகர் முன்னெச்சரிக்கையாக, 'சொந்தக் கார் உள்ள மாப்பிள்ளை' என்று வவுனியாவில் சொல்லிவைத்துவிட்டார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சற்று முந்தி வெளியான செய்தி. நான் அந்த நாள்களில் மாவட்டச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்த பத்திரிகையும் இதைச் செய்வதுண்டு.

வவுனியாப் பெண் பள்ளிக்கூட ஆசிரியை. தகப்பனார் ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். தை பிறந்ததும் வந்து வீடு, கிணறு, கார் மூன்றையும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக அவர் சொல்லியனுப்பியிருந்தார். முன்னைய இரண்டு பேச்சுகளிலும் அண்ணா, "நீங்கள் பார்த்துச் செய்யுங்கோ" என்பதோடு நிறுத்திக்கொண்டவர். இந்தமுறை வவுனியாவில் ஒரு கோயில் திருவிழாவில் பெண்ணைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்தார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது, "அவா சிரிச்சுச் சிரிச்சுக் கதைக்கிறா" என்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பகிரங்க அறிக்கை. அம்மா அடுத்த வெள்ளிக்கிழமையே பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்தார்.

தரகரின் வாக்கைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. கார் கிடைத்தது மலைநாட்டில். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விட்டுப்போன கார் அது. சில வருடங்களாக யாரும் அதை வாங்கவில்லை என்பதால் அண்ணாவுக்குக் கட்டுப்படியாயிற்று. ஏன் யாரும் வாங்கவில்லை என்று நாங்கள் யோசிக்கவில்லை. நல்ல காலம் எங்களுக்காகக் காத்திருந்தது என்று எடுத்துக்கொண்டோம்.

அப்படியொரு கார் இருக்கிறது என்று சொன்னவர் எங்கள் பக்கத்துக் காணிக்காரர். இரண்டு வருடங்களுக்கு முன்னர் மலைநாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்து, காடு வெட்டி, நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு முன்னர் துரை பங்களாவில் அதே காரைப் பல வருடம் கழுவித் துடைத்தவர். எங்கள் ஊரில் அந்தக் காரைப் பற்றி அறிந்த ஒரே மனிதர் அவர்தான். ஆகவே அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அண்ணா புத்தகத்திடம் கேட்டார்.

காரோடு ஒரு புத்தகம் வந்திருந்தது. இங்கிலாந்தில் அச்சடித்தது. காரை எப்படிப் பராமரிப்பது என்று அதில் எல்லாம் இருந்தது; கோடைகாலம், இலையுதிர்காலம், பனிக்காலம் என்று தனித்தனி அத்தியாயங்கள். மாரிகாலம் என்று ஒன்று இல்லை. அண்ணா கந்தோர்க்காரர். சுற்றுநிருபம் ஒன்றில் தம் மாவட்டம் விடுபட்டிருந்தால் அதற்காக வேலையை நிறுத்திவிட முடியாது. மிகக் கிட்டிய பிரிவின் கீழ் நடவடிக்கை எடுக்கவேண்டும். பனிக்கால அத்தியாயத்தின் தலையில் பென்சிலால், 'பனி என வரும் இடங்களில் மழை என வாசிக்கவும்' என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் வைத்தார். தரகர் தந்திருந்த பெண்ணின் படத்தையும் அந்த அத்தியாயத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டார். அடையாளத்துக்கு என்றார்.

கார்த்திகையில் மழை தொடங்கியது. வன்னி மாரி பனி அல்ல. பனி, புத்தகத்தின்படி, மெதுவாக விழுந்து காரின்மேல் படுத்திருக்கும். எங்கள் மழை நாலு பக்கத்தாலும் வரும். நிலத்தில் பட்டுக் கீழிருந்தும் வரும். அண்ணா அத்தியாயத்தின் முதலாவது பந்தியிலிருந்து தொடங்கினார்.

முதலாவது பந்தி: கூரையில் சேர்ந்த பனியைச் சுரண்டக் கூடாது, மென்மையான தூரிகையால் தள்ளிவிட வேண்டும். அண்ணா தினமும் காலையில் ஒரு கையில் குடையும் மறு கையில் தும்புத்தடியுமாக நின்று, கொட்டுகிற மழையில் காரின் கூரையிலிருந்து மழையைக் கூட்டித் தள்ளினார். தள்ளிய இடத்துக்கு உடனே புது மழை வந்தது. அவர் சளைக்கவில்லை.

இரண்டாவது பந்தி: எஞ்சின் குளிர்ந்து போகாமல் காரின் முன்பக்கத்தைப் பழைய கம்பளியால் போர்த்த வேண்டும். கிளிநொச்சியில் கம்பளி வைத்திருக்க ஒரு காரணமும் இல்லை. ஆனால் அம்மாவிடம் ஒன்று இருந்தது. எப்போதோ சிவனொளிபாத மலைக்குப் போவதற்கு வாங்கியது. அதைக் காருக்குக் கொடுத்துவிட்டு, தன் பழைய சேலை ஒன்றைப் போர்த்துக்கொண்டு படுத்தார். மார்கழியில் அம்மாவுக்கு மூக்கு ஒழுகித் தடிமன் பிடித்தது. எஞ்சினுக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாவது பந்தி: ரேடியேற்றர் தண்ணீர் உறைந்து கட்டியாகாமல் இருக்க அதற்கென்று ஒரு மருந்து ஊற்ற வேண்டும். அண்ணா அதைத் தேடிப் பஸ் ஏறி வவுனியாவில் உதிரிப்பாகக் கடைக்குப் போனார். நானும் கூடப் போயிருந்தேன். கடைக்காரர் மருந்தின் பெயரை இரண்டு முறை கேட்டுவிட்டு அண்ணாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எங்கை ஐயா போகப் போறியள்?"

"ஓரிடமும் இல்லை. உருத்திரபுரம்."

"அங்கை தண்ணி உறையுதோ?"

"இன்னும் இல்லை," என்றார் அண்ணா.

நாலாவது பந்தி எங்களுக்கு அதிக வேலை வைத்தது. வழுக்கும் பாதைகளில் பின்சில்லுக்குப் பிடி கிடைக்க டிக்கியில் மண் மூடைகள் வைக்க வேண்டும். இரண்டு மூடை மணல் ஏற்றப்பட்டது. எங்கள் ஊர்ப் பாதையின் களிமண்ணுக்கு அந்தப் பந்தி தெரியாது. வாய்க்கால் கட்டுக்குப் பக்கத்தில் கார், தீர்த்தமாட இறங்குவதுபோல, நிதானமாகப் பின்பக்கமாகச் சேற்றில் இறங்கி, டிக்கி மட்டத்தில் நின்றது. பத்துப் பேர் தள்ளினார்கள். இன்னும் இறங்கியது. உழவு மெசின் கொண்டுவர ஆள் போனபோது பக்கத்துக் காணிக்காரர் மண்வெட்டியோடு அந்த வழியால் வந்தார். நின்று பார்த்தார். டிக்கியைத் திறந்து இரண்டு மூடையையும் தூக்கி வெளியே போட்டார்.

"இப்ப தள்ளுங்க."

மூன்று பேர் தள்ள கார் வெளியே வந்தது. அண்ணா அவருக்கு நன்றி சொன்னார். பிறகு மூடைகளைத் துடைத்து மறுபடி டிக்கியில் ஏற்றினார். நாலாவது பந்தி இன்னும் நீக்கப்படவில்லை.

ஐந்தாவது பந்தி ஒரே வசனம். நனைந்த கூரையை எக்காரணம் கொண்டும் மடக்கக் கூடாது, ஏனென்றால் மடித்த இடத்தில் சீலை பிளந்துவிடும். இந்த வசனத்தின் கீழே அச்சடித்தவர்களே கோடு போட்டிருந்தார்கள். அண்ணா அதன் கீழே இன்னொரு கோடு போட்டார். கார்த்திகை முதலாந் திகதியிலிருந்து கூரை மூடியபடியே கிடந்தது. திறந்த கார் என்று தரகர் பெருமையாகச் சொன்ன பொருள், ஊரிலேயே அதிகம் மூடிக்கிடந்த பொருளாயிற்று.

இவ்வளவும் செய்தும் கூரை ஒழுகியது. பின் இருக்கைக்கு நேர் மேலே, தையல் போகும் இடத்தில் ஒழுகியது. சொட்டை ஏந்துவதற்கு, அம்மா பொரிக்கிற தாச்சி ஒன்று குசினியிலிருந்து வந்து நிரந்தரமாகப் பின் இருக்கையில் குடியேறியது. தை பிறக்க இரண்டு கிழமை இருந்தது. ஸ்ரேசன் மாஸ்டரையோ அவரோடு வருபவரையோ தாச்சியோடு உட்காரச் சொல்ல முடியாது. அண்ணா சாப்பாட்டைக் குறைத்தார். புத்தகத்தை எடுத்து ஐந்து பந்தியையும் வாசிப்பார், படத்தைப் பார்ப்பார், மறுபடி முதலாவது பந்தியிலிருந்து வாசிப்பார். ஒழுகினால் என்ன செய்வது என்று அதில் இல்லை. பனி ஒழுகாது.

அந்தக் கிழமை முல்லைத்தீவிலிருந்து கருவாடு கொண்டுவரும் முஸ்லிம் பெரியவர் வந்தார். மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மாவுக்குக் கருவாடு தெரிந்தெடுத்துக் கொடுத்துவிட்டு, வேலியோரம் நின்ற காரைப் பார்த்தார். தாச்சியையும் பார்த்தார்.

"இதுக்கோ மகன் இவ்வளவு யோசினை? எங்கடை பக்கம் வள்ளத்துக்குச் சுறா எண்ணெய் பூசுவம். சீலைக்கும் பூசலாம். பிறகு ஒரு சொட்டு இறங்காது."

"உண்மையோ?"

"கடலே இறங்காது. மழையோ இறங்கப்போகுது? ஆனா ஒண்டு. பூசினாப் பிறகு பத்து நாள் நல்ல வெயில் குடுக்க வேணும். இல்லாட்டி மணம் போகாது."

அண்ணா இதில் முதல் பாதியை ஏற்றுக்கொண்டார். அடுத்த பஸ்ஸில் ஒரு தகரம் சுறா எண்ணெய் வந்து இறங்கியது. கொண்டக்டர் அதை இறக்கும்போது முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டதை நான் கவனித்தேன். அண்ணா கவனிக்கவில்லை. மழை விட்ட ஒரு பின்னேரம் பார்த்து, கூரைச் சீலையின் உள்ளும் புறமும், தையல் தையலாக, மூன்று முறை பூசினார்.

மறுநாள் காலை கூரையில் ஐந்து பூனைகள் இருந்தன. எங்களிடம் பூனை இல்லை. பத்து மணியளவில் காகங்கள் வந்தன. அடுத்த ஒழுங்கையில் இருந்து நாய்கள் வந்து காரைச் சுற்றிப் படுத்துக்கொண்டன. மத்தியானம் பெருமழை பெய்தது. அண்ணா ஓடிப்போய்ப் பின் இருக்கையைத் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. தாச்சியை அவர் குசினிக்குத் திருப்பிக் கொண்டுவந்தபோது, அம்மா அதை வாங்காமல் மூக்கைப் பொத்திக்கொண்டு கிணற்றடியைக் காட்டினார்.

பத்து நாள் வெயில் கேட்ட இடத்தில் இரண்டு மணித்தியாலம் கிடைத்தது. மிச்ச நாள்களில் அம்மா தன்னால் ஆனதைச் செய்தார். காருக்குள் சாம்பிராணி போட்டார். மல்லிகைச் சரம் தொங்கவிட்டார். சந்தனம் கரைத்து இருக்கைகளில் தெளித்தார். ஆறாம் நாள் நான் உள்ளே தலையை நீட்டிப் பார்த்தேன். சுறா போகவில்லை, அர்ச்சனை செய்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

தை முதல் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது நாற்பதுக்கு ரயில் கிளிநொச்சியில் நின்றது. மழை தூறிக்கொண்டிருந்தது. ஸ்ரேசன் மாஸ்டர் இறங்கினார்; நெற்றி நிறைய விபூதி, கையில் குடை. அவருக்குப் பின்னால் அவருடைய தமக்கையார், பெண்ணுக்கு மாமி, இன்னொரு குடையோடு இறங்கினார். இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் தொடாதவர்கள் என்று தரகர் சொல்லியிருந்தார். அதையாவது அவர் முந்திச் சொல்லவில்லை. அண்ணா எண்ணெய் பூசி நாலாம் நாள்தான் தரகர் அதைச் சொன்னார்.

மாஸ்டர் முன்னால் ஏறினார். மாமியும் நானும் பின்னால். கதவுகள் சாத்தப்பட்டன. அண்ணா எஞ்சினை இயக்கினார். நூறு யார் போவதற்குள் மாமி இரண்டு முறை மூக்கை உறிஞ்சினார்.

"தம்பி," என்றார் மாமி, "இந்தப் பக்கத்திலை மீன் சந்தையோ?"

"இல்லை மாமி. அது மற்றப் பக்கம்."

"அப்ப காத்து அங்கையிருந்து அடிக்குதாக்கும்."

"ஓம் மாமி. இருக்கும்."

சந்தை பின்னால் போய், டிப்போவும் பின்னால் போய், வயல்கள் வந்தன. காற்று மாறவில்லை. இரண்டு நாய்கள் காரோடு ஓடி வந்தன. மாமி சேலைத் தலைப்பை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார். பிறகு அதையும் எடுத்துவிட்டு நேரே கேட்டார்.

"தம்பி, குறை நினையாதையுங்கோ. இந்தக் காரிலை மீன் ஏத்துறனீங்களோ?"

"இல்லை மாமி! சத்தியமாய் இல்லை."

"அப்ப மீனோ காரை ஓட்டுறது?"

மாஸ்டர் அதுவரை கைலேஞ்சியை மூக்கில் வைத்தபடி பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது அவர் அண்ணாவின் பக்கம் திரும்பினார். பிந்தி வந்த ரயிலின் டிரைவரிடம் காரணம் கேட்கிற குரல் அது.

"தம்பி, இந்தக் கூரை மடக்கலாம் எண்டு புரோக்கர் சொன்னவர்."

"ஓம் ஐயா. மடக்கலாம்."

"அப்ப மடக்குங்கோவன்."

"நனைஞ்சிருக்கேக்கை மடக்கக் கூடாது ஐயா."

"ஆர் சொன்னது?"

"புத்தகத்திலை கிடக்கு."

"எந்த ஊர்ப் புத்தகம்?"

"இங்கிலாந்து."

மாஸ்டர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். வயலுக்குள் ஒரு மனிதர் எருமை ஒன்றை நனைய நனைய ஓட்டிக்கொண்டு போனார்.

"இஞ்சை இங்கிலாந்துக்காரர் ஆரையும் காணேல்லை," என்றார் அவர். "மடக்காட்டி நான் இதிலை இறங்கி அடுத்த ரயிலுக்கு நடப்பன்."

அண்ணா காரை ஓரமாக நிறுத்தினார். ஸ்ரேறிங்குக்குக் கீழே இருந்த தட்டில் புத்தகம் கிடந்தது. எடுத்தார், ஐந்தாவது பந்திக்கு விரித்தார். படம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்தபடி கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு படத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். புத்தகத்தை என்னிடம் தந்தார். கீழே இறங்கி, முன் கண்ணாடிக்கு மேலே இருந்த இரண்டு கொளுவிகளையும் கழற்றி, இரண்டு மாதமாக அசையாத கூரையைப் பின்னால் இழுத்தார். அது முதலில் வரமாட்டேன் என்றது. பிறகு ஒரு பெரும் முனகலோடு வந்தது. மேலே தேங்கியிருந்த தண்ணீரும் எண்ணெயும் அவருடைய வெள்ளைச் சட்டையில் முழுவதுமாக இறங்கின.

மாஸ்டர் குடையை விரித்தார். மாமி தன் குடையை விரித்து எனக்கும் பாதி பிடித்தார். ஓட்டுகிறவருக்குக் குடை பிடிக்க வழி இல்லை. கூரை வைத்துக் கட்டிய வாகனம் ஒன்றில், கூரையை எடுத்துவிட்டு, நாலு பேருக்கு இரண்டு குடையோடு உருத்திரபுரத்துக்குள் போனோம். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். சிலர் பிறகு இது மரியாதைக்கு என்று சொன்னார்கள்.

வீட்டில் மாஸ்டர் கிணற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் நிறைய இருந்தது. வீட்டை அறை அறையாகப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தார். காரைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. அண்ணா சட்டை மாற்றாமல் மூலையில் நின்றார். யாருக்கும் கிட்டப் போகப் பயந்து நின்றார். அந்த நேரத்தில் பக்கத்துக் காணிக்காரர் ஒரு சுளகு நிலக்கடலையோடு உள்ளே வந்தார். முற்றத்தில் காரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"என்னங்க ஐயா, மழையில திறந்து போட்டிருக்கீங்க?"

"நீர் இந்தக் காரை முதலே அறிவீரோ?" என்றார் மாஸ்டர்.

"அறியாம என்னங்க. பதினோரு வருசம் துரை பங்களாவுல நான்தானே கழுவினேன்."

"அப்ப உங்கடை துரை மழை நாளிலை இதை எப்பிடி வைச்சிருந்தவர்?"

"மழை நாள்ல இத எங்கங்க எடுப்பாரு? ஷெட்டுக்குள்ள பூட்டி வச்சிட்டு ஜீப்புல போவாரு."

அண்ணா மூலையிலிருந்து இரண்டடி முன்னால் வந்தார்.

"இதை ஏன் நீங்கள் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்றார் அண்ணா.

"நீங்க கேக்கலீங்களே. காலையில காலையில நின்னு கூட்டுறீங்க. ஏதோ நேர்த்திக்கடனாக்கும்னு இருந்துட்டேன்."

மாமிதான் முதலில் சிரித்தார். தேத்தண்ணீர் புரையேறும் வரை சிரித்தார். மாஸ்டர் சிரிக்கவில்லை, கைலேஞ்சியை முகத்தில் வைத்துக்கொண்டார். இந்தமுறை அது மூக்கை மட்டும் மூடவில்லை. அவருடைய தோள்கள் ஆடிக்கொண்டிருந்தன.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, அவர்களை ஸ்ரேசனில் விடுவதற்காக அண்ணா கார்த் திறப்பை எடுத்தார்.

"வேண்டாம் தம்பி," என்றார் மாஸ்டர். "பஸ் எத்தனை மணிக்கு?"

பன்னிரண்டு நாள் கடிதம் வரவில்லை. அந்தப் பன்னிரண்டு நாளும் அண்ணா தும்புத்தடியைத் தொடவில்லை. கம்பளியை மடித்து அம்மாவிடம் கொடுத்தார். மண் மூடைகளைக் கிணற்றடியில் கொட்டினார். பதின்மூன்றாம் நாள் கடிதம் வந்தது. மாஸ்டரின் கையெழுத்து, அறிவித்தல் பலகையில் எழுதுவதுபோல இரண்டே வசனம். பங்குனியில் நாள் பார்த்திருப்பதாக முதலாவது. கலியாணத்தன்று மாப்பிள்ளையை ஏற்ற வவுனியாவிலிருந்து தாங்களே கார் அனுப்புவதாக இரண்டாவது. கீழே வேறு கையெழுத்தில், வட்டமான பள்ளிக்கூட எழுத்தில், ஒரு வரி இருந்தது: 'மாமி இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை.' அண்ணா கடிதத்தை இரண்டு முறை எங்களுக்கு வாசித்தார். அந்த வரியை மூன்று முறை வாசித்தார்.

மாசியில் நல்ல வெயில் வந்தது. நானும் அண்ணாவும் காரை முற்றத்துக்குத் தள்ளி, மடங்கிக் கிடந்த கூரையை இழுத்து விரித்தோம். மடித்த இடத்தில் சீலை இரண்டு முழ நீளத்துக்குப் பிளந்திருந்தது.